மாங்கன்றுக்கு ஜாதகம் பார்க்கலாமா?

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு சின்ன நர்சரி. ஒட்டு மாங்கன்றை 'இயற்கை முறையில் வளர்த்தது' என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
– வாசகி, கரையான்சாவடி

பதில்: சான்றிதழ் எதிர்பார்க்காதீர்கள். அங்ககச் சான்று தர அரசுத் துறை இருக்கிறது. ஆனால் நூறு கன்றும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வைத்திருப்பவர் அந்தப் படியேறுவது அபூர்வம். வாய்விட்டுக் கேளுங்கள்: பையில் போட்டது மண்புழு உரமா, வேப்பம் பிண்ணாக்கா? பூச்சி வந்தால் என்ன தெளிப்பீர்கள்? "எங்க கன்றுக்குப் பூச்சியே வராதும்மா" என்றால் நடையைக் கட்டுங்கள். பூச்சிகூடத் தொடாத இலையில் என்ன இயற்கை?

அடுத்து, ஒட்டு நன்றாகக் கூடியிருக்கிறதா, பைக்குள் வேர் சுருளாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்கட்டும். அதற்குக் கீழே தளிர்த்தால் கிள்ளி எறியுங்கள். விட்டால், காசு கொடுத்தது பங்கனபள்ளிக்கு, காய்ப்பது ஊறுகாய்க்கு!

நர்சரிக்காரர் வளர்த்தது ஓரிரு வருஷம்தான். மிச்ச காலம் முழுக்க உங்கள் பொறுப்பு. துணி துவைத்த சோப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே அவருடைய நேர்மையைச் சந்தேகிக்காதீர்கள்.