அறிக்கையில் கல்யாணம், வேனில் மௌனம்

2024 மக்களவைத் தேர்தலில், பரவலாகக் கலந்தாலோசித்துவிட்டுத் தன்பாலின இணையரின் சிவில் யூனியனை ஏற்கும் சட்டம் கொண்டுவருவோம் என்றது காங்கிரஸ் அறிக்கை. மார்க்சிஸ்ட் கட்சி ஒருபடி மேலே போய், வாரிசுரிமை, ஜீவனாம்சம் வரை அச்சிட்டது. தமிழ்நாட்டில் அப்போது இரண்டும் ஒரே கூட்டணி. மதுரையில் ஜெயித்தவரே மார்க்சிஸ்ட் வேட்பாளர் சு. வெங்கடேசன்தான். ஆனால் பிரச்சார வேன் மைக்கில் அந்தப் பக்கம் மட்டும் என் காதில் விழவில்லை. மாசி வீதி இரைச்சல் அப்படி!

எதிர்த்தரப்பில் இந்தக் கூச்சமெல்லாம் இல்லை. தன்பாலினத் திருமணம் நகர்ப்புற மேட்டுக்குடியினரின் எண்ணம் என்று 2023இல் உச்ச நீதிமன்றத்திலேயே சொன்னது ஒன்றிய அரசு. 2021இல் தன்பாலின உறவு பற்றிச் சென்னை உயர் நீதிமன்றத்தைப் பாடம் படிக்க வைத்த காதல் இணையரான இரு பெண்கள், வீட்டாருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்குப் போனவர்கள். ஆக, மதுரையும் மேட்டுக்குடி ஊராகிவிட்டது. ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தாலேயே முடியாத காரியம்!

2023 அக்டோபர் 17இல் உச்ச நீதிமன்றம், சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று கைகழுவியது. தங்கை கல்யாணத்துக்குக் கிளம்பி வைகையோடு திரும்பும் அழகரைப் போல, நம் கட்சிகளும் அறிக்கையோடு திரும்பிவிட்டன. அழகராவது வருஷா வருஷம் கிளம்புகிறார்.

கேட்டால், “சமுதாயம் இன்னும் பக்குவப்படவில்லை” என்பார்கள். புரோகிதரில்லாக் கல்யாணத்துக்கு 1967இல் அண்ணா அரசு சட்டம் இயற்றியபோது, சமுதாயம் பக்குவச் சான்றிதழ் எதையும் கொண்டுவந்து நீட்டியதாகத் தெரியவில்லை.