மின்னஞ்சற் சுணக்கம்: மலையக மூலபாடமும் பாடபேதங்களும்

தோட்டத்து ஆபீஸில் மின்னஞ்சல் ஏன் சுணங்குகிறது என்ற கேள்விக்கு மலையகத்தில் இதுவரை ஐந்து கொள்கைகள் தோன்றியுள்ளன. ஆறாவது ஒன்றும் உண்டு. அது சரியானது என்பதால் ஆய்வாளர்கள் அதன் பக்கம் திரும்பவில்லை.

ஆய்வுக் களம், ஹட்டனுக்கும் நானுஓயாவுக்கும் இடையே ரயிலை விட்டிறங்கி மேடேறினால் வரும் கம்பெனி ஆபீஸ் ஒன்று. பெயர் வேண்டாம்; அந்தப் பாதையில் எந்த ஆபீஸைச் சொன்னாலும் பொருந்தும். அங்கே எக்ஸ்சேஞ்ச் வகை மெயில் சர்வர் ஒன்று அலமாரிக்குள் முனகிக்கொண்டிருக்கிறது. ஆபீஸில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு எந்தப் பெட்டி என்ற பதிவேடு அதனிடம் கிடையாது. 5.5 ஆம் பதிப்பு வரை பதிவேட்டைத் தன் மடியிலேயே கட்டி வைத்திருந்த எக்ஸ்சேஞ்ச், 2000 ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை ஆக்டிவ் டைரக்டரியிடம் ஒப்படைத்துவிட்டது. அந்த டைரக்டரி இருப்பது கொழும்பில். ஆகவே பெரிய துரைக்கு ஒரு கடிதம் வந்தாலும், பெரிய துரை என்பவர் யார் என்று மலையிறங்கிக் கேட்டுவிட்டுத்தான் சர்வர் கொடுக்கும். பதில் வராத நேரங்களில் அவுட்லுக்கின் மூலையில் ஒரு குமிழி தோன்றி, சர்வரிடம் தகவல் கேட்டுக்கொண்டிருப்பதாக அறிவிக்கிறது. கிளாக்கர் ஐயா எழுந்து பிளேன்டீ குடிக்கப் போகிறார். திரும்பி வரும்போது குமிழி அங்கேயே இருக்கும்.

இந்நோய்க்குச் சர்வரே தன் கைப்பட எழுதிய சாசனம் உண்டு. நிகழ்வுப் பதிவில் 2102 என்ற எண் விழுந்தால், பயன்பாட்டிலுள்ள டொமைன் கன்ட்ரோலர்கள், அதாவது டைரக்டரி சர்வர்கள், எதுவும் பதில் தரவில்லை என்று பொருள். 2103 என்றால் குளோபல் கேட்டலாக் சர்வர்களும் வாய் திறக்கவில்லை. சாசனம் இவ்வளவு தெளிவாக இருந்தும் அதை யாரும் படிக்கவில்லை. படித்துவிட்டால் கொள்கை வகுக்க இடமிருக்காதல்லவா?

முதலாவது, மின்னல் வாதம். இதற்கு வானிலையின் ஆதரவு உண்டு. மார்ச், ஏப்ரலிலும் மறுபடி அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலானால் மலைநாட்டில் இடிமழை பிடித்துக்கொள்ளும். 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகாலையின் உச்சியில் ஒளிபரப்புக் கோபுரங்கள் நிற்பதை இவ்வாதத்தினர் சுட்டிக்காட்டுவர். எதைக் காட்டுவதற்காக என்பதை மட்டும் சொல்வதில்லை.

இரண்டாவது, குரங்கு வாதம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதிக்கு முன்பு இதைச் சொன்னவரைச் சிரித்தே விரட்டியிருப்பார்கள். அன்று பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால்தான் நாடு முழுவதும் இருண்டது என்று அமைச்சரே அறிவித்தார். இப்போது எந்த ஆபீஸில் எது நின்றாலும் குரங்கை மறுக்க யாருக்கும் துணிவில்லை.

மூன்றாவது, தேயிலைத் தூசு வாதம். முன்வைத்தவர் டீ மேக்கர், மறுத்தவரும் அவரே.

நான்காவது ரீஸ்டார்ட் வாதம். இதுவே இலக்கிய வளம் மிக்கது. இதன் மூலநூல் சர்வர் அலமாரிக் கதவில் ஒட்டிய மஞ்சள் தாள். முதற்பதிப்பு பசை விட்டு விழுந்து கூட்டுமாறில் அள்ளுண்டு போனதால் இரண்டாம் பதிப்பே இன்று கிடைக்கிறது. அதிலும் தேநீர்க் கறை. ‘மெயில் வரலைன்னா ரீஸ்டார்ட் பண்ண’ என்பது வரை ஐயமில்லை. அடுத்து ஒரு ‘வ’கரம் தெரிகிறது; கடைசியில் ஒரு ‘ம்’ தெரிகிறது; நடுவில் கறை. ‘பண்ணவும்’ என்பது பழைய பாடம் என ஒரு சாரார் கொள்வர். வகரத்துக்கு முன்னால் இரட்டைக்கொம்பு ஒன்றின் சுழி தெரிவதாகவும், எனவே ‘பண்ண வேண்டாம்’ என்பதே மெய்ப்பாடம் என்றும் மறுசாரார் வாதிடுவர். அது கொம்பன்று, பூச்சி செத்து ஒட்டிய தடம் என்பது மூன்றாம் அணி. (காண்க: மேற்படி தாள், வரி 2. ஒப்பிடுக: அதே சுவரின் காலண்டர், ஏப்ரல் தாளின் பின்பக்கம், பென்சிற் குறிப்பு. இதன் மறுப்புக்கு: அக்குறிப்பின் மேல் வேறு கையெழுத்தில் ‘பொய்’ என்றிருப்பது. மறுப்பின் மறுப்புக்கு: அந்தப் ‘பொய்’யை அழித்த ரப்பரின் தடம், ஜன்னல் வெளிச்சத்தில் தாளைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும், அதுவும் மூடுபனி இல்லாத நாளில்.)

இரு பாடங்களின்படியும் செய்து பார்த்ததில் விளைவு ஒன்றாகவே இருந்தது. இதற்குக் காரணம் உண்டு. டைரக்டரி சர்வர்கள் எங்கே இருக்கின்றன என்று எக்ஸ்சேஞ்ச் 15 நிமிடத்துக்கு ஒரு முறை தானாகவே தேடும். ரீஸ்டார்ட் செய்தாலும் தேடும். சும்மா விட்டாலும் தேடும். எழுந்து போய் டீ குடித்தவரும் பட்டனை அமுக்கியவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெற்றி கண்டனர். பட்டனை அமுக்கியவருக்குப் பெயர் கிடைத்தது.

ஐந்தாவது, நேர வாதம். டைரக்டரியில் நுழைய அனுமதி தரும் கெர்பரோஸ் முறை, இரு சர்வர்களின் மணிக்கூடுகள் 5 நிமிடத்துக்கு மேல் முரண்பட்டால் வழக்கமாகக் கதவைத் திறக்காது. இலங்கையோ 1996 இல் ஒரு மணி நேரம் முன்னே போய், அதே ஆண்டு அரை மணி பின்னே வந்து, 2006 ஏப்ரலில் இன்னும் அரை மணி பின்னே வந்து, புறப்பட்ட இடத்தையே அடைந்த நாடு. அப்போது நேர வலயத்தை மாற்றாமல் ஒரு சர்வரின் முள்ளை மட்டும் கையால் பின்னுக்குத் தள்ளியிருந்தால், இரண்டுக்கும் 30 நிமிடப் பகை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் இந்திய நேரத்துக்கு ஒரு மணி முந்திய ‘பாகான் நேரம்’ ஒன்றே தனியாக ஓடுவதை அறிந்தவர்களுக்கு இவ்வாதத்தின் மேல் மயக்கம் அதிகம். ஆனால் 2006 ஏப்ரல் வியாதிக்கு இன்றைக்கும் மருந்து தேடுவது பேராசிரியர்களுக்கே இயலும்.

பேராசிரியர் என்றதும் ஒரு வெளிநாட்டு முன்னுதாரணம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் சர்வர்களைப் பராமரித்த ட்ரே ஹாரிஸ் 2002 இல் எழுதி வெளியிட்ட அனுபவம் இது. புள்ளியியல் துறைத் தலைவர் அவரை அழைத்து, தம் துறையிலிருந்து 500 மைலுக்கு அப்பால் மின்னஞ்சல் போகவில்லை என்றார். பல நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, போதிய தரவு அதுவரை சேரவில்லையாம். கடிதம் போகாத துன்பத்திலும் எல்லை வட்டத்துக்கு வரைபடம் போட ஆளை அமர்த்தியிருந்தார்கள். வியப்பு என்னவென்றால், வட்டம் சரியாகவே இருந்தது. யாரோ சர்வரைப் புதுப்பித்தபோது மெயில் மென்பொருள் பழைய பதிப்புக்கு இறங்கி, காத்திருக்கும் நேரம் பூச்சியமாகிவிட்டது. நடைமுறையில் சுமார் 3 மில்லி வினாடிதான் சர்வர் பொறுத்தது. ஒளி அதற்குள் ஓடும் தூரம் 500 மைலுக்குச் சற்று மேல். இதே கோளாறு ஹட்டனில் நேர்ந்திருந்தால் இலங்கை முழுவதற்கும் கடிதம் போயிருக்கும், சென்னைக்கும் போயிருக்கும், மும்பைக்குப் போயிருக்காது. மும்பைக்கு எழுத வேண்டிய தேவை வரும்வரை யாருக்கும் தெரிந்திருக்காது.

இனி ஆறாவது. கொழும்பு டைரக்டரி சர்வர் எங்கே இருக்கிறது என்று மெயில் சர்வர் டிஎன்எஸ் என்னும் வழிகாட்டியிடம் கேட்க வேண்டும். எவரோ ஒரு நல்லவர், முதல் வழிகாட்டிக்கு உதவியாக இருக்கட்டுமென்று, இரண்டாவதாகத் தொலைபேசிக் கம்பெனியின் டிஎன்எஸ் எண்ணையும் எழுதி வைத்திருந்தார். லைன் தளரும் வேளையில் முதலாமவர் பதில் தரச் சற்றுப் பிந்துவார். சர்வர் பொறுமையிழந்து இரண்டாமவரிடம் போகும். அவர் வெளியாள், கம்பெனிக்குள் இருக்கும் எவரையும் அறியார். ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லியிருந்தால் கேடில்லை. ‘அப்படியொருவர் இல்லை’ என்று உடனே, மரியாதையாக, முத்திரை குத்திச் சொல்கிறார். சர்வரும் நம்பிவிடுகிறது.

இம்மாதிரிப் பதில் மலையகத்துக்குப் புதிதா என்பதே இவ்வாய்வின் நடுப்பகுதி. பெர்குசன் டைரக்டரி என்று ஒரு தடித்த நூல் வெள்ளைக்காரன் காலத்தில் கொழும்பில் வெளிவந்துகொண்டிருந்தது. தோட்டத்தின் பெயர், ஏக்கர் கணக்கு, உரிமையாளர், துரை எல்லாம் அதில் உண்டு. கொழுந்து பறித்தவர்களுக்கு அதில் வரியில்லை. அவர்கள் பெயர் செக்றோல் என்னும் வருகைப் பதிவேட்டில் மட்டும். அதுவும் அன்றைக்குப் பேர் போடும் அளவுக்கு, சில நாள் அரைப் பேராக. தப்பால் பையைச் சுமந்து டவுனுக்கும் தோட்டத்துக்கும் நடந்தவர் கொண்டுவந்த கடிதங்கள் முதலில் ஆபீஸுக்குப் போயின. லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. பெயர், டிவிஷன், தோட்டம், தபால் நகரம், அவ்வளவே. ஒரே டிவிஷனில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் கடிதத்தின் தலைவிதியை ஆபீஸ்தான் எழுதும். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்த பின் கைக்கு வந்த கதைகள் இந்தப் பக்கத்தில் பழசுமல்ல, அரிதுமல்ல. 2102 எண் விழாததால் அவை எந்தப் பதிவிலும் ஏறவில்லை.

நாட்டின் பெரிய டைரக்டரியும் ஒரு முறை இணைப்பை இழந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தோட்டங்களில் இருந்த பெரும்பாலோரைக் குறித்து ‘அப்படியொருவர் இல்லை’ என்று மரியாதையாகச் சொன்னது. 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 525,000 பேரை அந்தப் பக்கமும் 300,000 பேரை இந்தப் பக்கமும் பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேர் வரிசையில் விடப்பட்டனர். அவர்களைச் சரிபாதியாக்க 1974 வரை பொறுக்க வேண்டியிருந்தது. பிறகு 1988 இல் ஒரு சட்டம், 2003 இல் இன்னொரு சட்டம். ஐம்பத்தைந்து ஆண்டுக் காத்திருப்பு எந்தச் சர்வரின் அமைப்பிலும் அனுமதிக்கப்பட்டதாக இல்லை.

இவ்வரலாற்றைத் திரட்ட வேனில் வந்திறங்கும் ஆய்வாளர்கள் லயத்தில் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு எழுதிக்கொள்வர். ஆய்வேட்டில் அவர் ‘தகவலாளி 14’ ஆகிவிடுவார். ஆய்வேட்டின் பிரதியொன்றை அவருக்கு அனுப்பலாமே என்றால், முகவரி இல்லையாம்.

சர்வரின் கதை இவ்வளவு நீளவில்லை. கண்டியிலிருந்து வந்த டெக்னீஷியன் பையன் நிகழ்வுப் பதிவைத் திறந்து படித்தான். முன்னர் யாரும் செய்யாத காரியம் அது. இரண்டாவது டிஎன்எஸ் எண்ணை அழித்து, கொழும்பிலேயே உள்ள இன்னொரு டைரக்டரி சர்வரின் எண்ணை அங்கே போட்டான். “அவ்வளவுதாங்களா?” என்று கிளாக்கர் ஐயா ஏமாற்றத்தோடு கேட்டார். மஞ்சள் தாளில் அது கொம்பா பூச்சியா என்பதைப் பற்றித் தம்பியின் அபிப்பிராயத்தையும் கேட்டுப் பார்த்தார். அவனுக்கு ஹட்டன் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்.

பில் மட்டும் மீந்தது. ஆபீஸ் கணக்கில் இதற்கென்று தலைப்பு ஏதுமில்லை. தலைமைக் கிளாக்கர் யோசித்து, ‘தபால்’ என்ற பத்தியில் எழுதி, துரையின் கையெழுத்துக்கு மேசையில் வைத்தார்.