பெருங்குழுவில் குறை கூறும் முறை: திருநாவலூர் வழக்கை முன்வைத்து ஒரு முதற்கட்ட ஆய்வு

சக ஊழியரிடம் குறை சொல்வது எப்படி என்று பயிலரங்கு நடத்தி, கோப்பும் பேனாவும் சமோசாவும் கொடுத்தனுப்பும் இந்நாளில், உளுந்தூர்பேட்டையை அடுத்த திருநாவலூரில் பிறந்த சுந்தரரை இத்துறையின் மூலவராக ஒருவரும் கொள்ளாதது வியப்பே. குறை கூறல் நால்வகைப்படும்.

(அ) மேலிருந்து கீழ்: விரிப்பிற் பெருகும்.

(ஆ) கீழிருந்து மேல்: ஒற்றியூரில் மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் பார்வை இழந்த சுந்தரர், ஆரூர் இறைவனை வாய்க்கு வந்தபடி பாடினார், வலக்கண் வந்தது. அலுவலகங்களில் முயல வேண்டாம்.

(இ) ஆவணவழி: புத்தூர்க் கல்யாணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் ஓலையோடு வந்து, மாப்பிள்ளை தமக்கு அடிமை என்றார். சுந்தரர் அவரைப் பித்தன் என்று ஏசி, ஓலையைப் பிடுங்கிக் கிழித்தார். நெடுக்காகவா, குறுக்காகவா? ஓலை நரம்போட்டத்தில்தான் கிழியும் என்பது நெடுக்கர் வாதம் (காண்க: பஸ் ஸ்டாப் டீக்கடை, இடது பெஞ்சு, காலை அமர்வு). கோபக்காரன் நரம்பு பார்ப்பதில்லை என்பது குறுக்கர் மறுப்பு (காண்க: மேற்படி பெஞ்சு, மாலை அமர்வு, வடை தீர்ந்தபின் வந்த திருத்திய பதிப்பு, எண்ணெய் படிந்த பாடம், ஒப்பிடுக: கடன் பாக்கிக்காரர் எழுந்து போகுமுன் முணுமுணுத்த ஓரக்குறிப்பு). முதலில் நெடுக்காகவும் பிறகு குறுக்காகவும் கிழித்தார் என்போர் இடைக்கட்சியினர். இரு தரப்பையும் மேற்கோள் காட்டிப் பதவி உயர்வு பெற்றவர்கள்.

கிழிந்தது படியோலைதான் என்பதை மூவரும் மறந்தனர். மூல ஓலையைக் கிழவர் வெண்ணெய்நல்லூர்ச் சபையில் நீட்ட, பாட்டனார் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து வழக்கை முடித்தார்கள். சுந்தரர் காலம் ஏழாம் நூற்றாண்டின் இறுதியா, ஒன்பதாம் நூற்றாண்டா என்ற வழக்கை நம் அறிஞர்கள் இன்னும் வாய்தா வாங்கி நடத்துகிறார்கள். சபையில் தோற்ற சுந்தரருக்கு வன்தொண்டர் என்று பட்டம். ஏசிய சொல்லையே முதற்சொல்லாக வைத்துப் பாடவும், கிழவராக வந்த இறைவனின் உத்தரவு.

(ஈ) பக்கவாட்டு: ஆரூர்க் கோயிலில் கூடியிருந்த அடியார்களை வணங்காமல் ஒதுங்கிப் போனார் சுந்தரர். விறன்மிண்டர் என்ற அடியார் விடவில்லை. அவரும் புறம்பு, அவரை ஆண்ட இறைவனும் புறம்பு என்று சபையறியச் சொல்லிவிட்டார். விளக்கக் குறிப்பாகச் சுந்தரரிடமிருந்து வந்தது 11 பாடல் கொண்ட திருத்தொண்டத்தொகை. தனியடியார் 60 பேர். விட்டுப்போனவர் கோபிக்காதிருக்க 9 தொகையடியார். அவற்றுள் ‘அப்பாலும் அடிச்சார்ந்தார்’ என்பது சுற்றறிக்கையின் கடைசி வரியில் வரும் ‘நகல்: ஏனையோர்’ என்பதன் மூலவடிவம்.

விறன்மிண்டர் பெயர் முதற்பாட்டிலேயே இருக்கிறது. குறை சொன்னவரைப் பட்டியலிலிருந்து நீக்குவது பிற்கால இடைச்செருகல்.