மூன்றாவது ஆன்டெனா

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் தலையணை உறை, உறைக்குள் லேப்டாப் என்று மூன்றடுக்குப் பாதுகாப்போடு ஒருவர் உட்கார்ந்திருந்தால், வணக்கம் சொல்லிவிட்டுப் பின் சீட்டுக்குப் போய்விடுங்கள். "லேப்டாப்பா சார்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். புதுச்சத்திரம் வருவதற்குள் உங்கள் வீட்டில் என்ன லேப்டாப், எந்த வருஷத்தது, எத்தனை ஜிபி ராம் என்பதையெல்லாம் கறந்துவிடுவார். பு.முட்லூர் தாண்டும்போது, அதை எந்த ஞாயிற்றுக்கிழமை பிரிப்பது என்று நாள் குறித்திருப்பார்.

இவர் ஓர் ஆள் இல்லை, ஓர் இனம். வாத்தியாராக இருப்பார், இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக இருப்பார், ஆபீசிலிருந்து ரிட்டையர் ஆனவராக இருப்பார். வயது ஐம்பதுக்கு மேல். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர். "பழசு" என்ற சொல்லைக் கேட்டால் மற்றவர் முகம் சுளிப்பார்கள், இவர் முகம் மலரும்.

ஊருக்குத் தகுந்தபடி உட்பிரிவும் உண்டு. கடலூர்க்காரர் பேட்டரிப் பிரிவு. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் வந்து போனபின் நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர். சார்ஜ் நிற்காத லேப்டாப்பை அவரால் மன்னிக்க முடியாது. செத்துப்போன பேட்டரியை உடைத்து, உள்ளே இருக்கும் ஆறு செல்லையும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, "நாலு உயிரோட இருக்கு சார்" என்று அறிவிப்பார். எந்தக் கோளாறு வந்தாலும் காரணம் ஒன்றுதான்: "உப்புக் காத்து." ஹார்ட் டிஸ்க் போனாலும் உப்புக் காத்து, பாஸ்வேர்டு மறந்தாலும் உப்புக் காத்து.

சிதம்பரத்துக்காரர் சிக்னல் பிரிவு. அண்ணாமலை நகரில் ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. தீசிஸ் கொடுக்க வேண்டியதற்கு முந்தின ராத்திரி லேப்டாப் படுத்துக்கொள்வது அவர்கள் மரபு. இவர் காசு வாங்க மாட்டார். கழற்றிய பழைய பாகத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வார்.

இவர்களுக்கு இப்போதைய தங்கச் சுரங்கம் அரசின் விலையில்லா லேப்டாப். 2011இல் தொடங்கிய திட்டம். பெண் படிப்பு முடித்து, கல்யாணமாகி, பிள்ளையும் பெற்றிருப்பாள். பிளஸ் டூவில் வாங்கிய லேப்டாப் இன்னும் அம்மா வீட்டு பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே அந்துருண்டை வாசத்தோடு கிடக்கும். இவர் வந்து எடுத்துப் போய், எஸ்எஸ்டி மாட்டி, லினக்ஸ் ஏற்றிக் கொண்டுவந்து வைப்பார். "விண்டோஸ் பத்துக்கு 2025 அக்டோபர் 14ஓட ஆதரவு முடிஞ்சுதுன்னு கடைக்காரர் புதுசு வாங்கச் சொல்றாரே" என்று யாராவது இழுத்தால் போதும். "இந்தப் பொட்டியில முதல்லயே பாஸ் லினக்ஸ் போட்டுத்தான் குடுத்தாங்க. சென்னையில சி-டாக் பண்ணது. நீங்க யாரும் அதைத் தொறக்கவே இல்ல" என்று குற்றப்பத்திரிகை வாசிப்பார்.

வேலை நடப்பது ஞாயிறு காலை, கூடத்தில், இட்லித் தட்டோடு. லேப்டாப்பில் ஸ்க்ரூ ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு நீளம். நீளமானதைக் குட்டையானதன் இடத்தில் முடுக்கினால் மதர்போர்டில் போய் முட்டும். ஆகவே கீபோர்டு ஸ்க்ரூ முதல் குழியில், கீல் ஸ்க்ரூ இரண்டாவது குழியில், அடிமூடி ஸ்க்ரூ மூன்றாவதில். ஒழுங்கு என்றால் அப்படியொரு ஒழுங்கு. அதனால் அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்காய் கொத்சு உண்டு, இட்லி கிடையாது.

சிதம்பரத்துக்காரரின் சொந்த லேப்டாப் 2007ஆம் வருஷத்து திங்க்பேட். பழைய வைஃபை கார்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது என்று கண்டுபிடித்த நாளிலிருந்து மனிதருக்குத் தூக்கமில்லை. சென்னை ரிச்சி தெருவுக்கு ரயிலேறிப் போய், இன்டெல் 6300 என்ற கார்டை வாங்கிவந்தார். ரயில் செலவு பார்ட்ஸ் கணக்கில் வராது. மாட்டி ஆன் பண்ணினால் திரையில் 1802 என்ற எண்ணோடு ஓர் அறிவிப்பு: அனுமதி இல்லாத கார்டு, அணைத்துவிட்டுக் கழற்றவும். கம்பெனி தன் பட்டியலில் இருக்கும் கார்டைத்தான் உள்ளே விடுமாம். "பொட்டி நான் காசு குடுத்து வாங்கினது. கார்டும் நான் காசு குடுத்து வாங்கினது. நடுவுல இவன் யாரு?" என்று தெருவுக்கே கேட்கும்படி ஒரு கேள்வி. அந்தப் பட்டியலை நீக்கிய பயாஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து ஏற்றினார். ஏற்றும்போது கரண்ட் போனால் பெட்டி காலி என்பதால், ஃபியூஸ் போய்விடுமென்று அன்று வீட்டில் மிக்ஸி, கிரைண்டர், மோட்டார் மூன்றுக்கும் தடையுத்தரவு.

கார்டு உள்ளே போயிற்று. அதில் மூன்று குமிழ். லேப்டாப்பில் இருப்பதோ கறுப்பு, வெள்ளை என்று இரண்டே ஒயர். இரண்டே போதும், கார்டு வேலை செய்யும். "வேலை செய்யும் சார். ஆனா மூணாவது சும்மா இருக்குதே!"

மூன்றாவது ஆன்டெனாவைப் போட, திரையின் சட்டத்தை நகத்தால் நெம்பிக் கழற்ற வேண்டும். ஒயரைக் கீல் வழியாக நசுங்காமல் இறக்க வேண்டும். ஆன்டெனாவை உலோகம் மறைக்காத மேல்விளிம்பில் ஒட்ட வேண்டும். ஒயரின் நுனியில் இருக்கும் குமிழ் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம். அது முப்பது தடவை மாட்டிக் கழற்றத்தான் தாங்கும் என்பது தயாரித்தவர் கணக்கு. இவர் அந்த முப்பதை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தீர்த்துவிடுவார். நடுவில் பேரனுக்குப் பாடம் வேறு: "ரெண்டரை கிகாவுக்குக் கொஞ்சம் கம்மி. அலை நீளம் பன்னண்டரை சென்டிமீட்டர். கால் அலை மூணு. ஸ்கேல் எடு." பேரன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அம்மாள் வந்து கேட்டார்: "ஏங்க, ராமை மாத்தினீங்க, டிஸ்க்கை மாத்தினீங்க, கீபோர்டு, ஃபேன், திரை எல்லாத்தையும் மாத்தியாச்சு. இதுல பழசு எது?"

"கீழவீதியில நிக்குதே தேரு, அதுக்குச் சக்கரம் மாத்தினா வேற தேருன்னா சொல்வே?"

அம்மாள் இட்லித் தட்டை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

வேலை முடிந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடம், திண்ணை, மொட்டை மாடி என்று நடை. வெற்றியை அளக்க அவர் இணைய வேகத்தைப் பார்ப்பதில்லை. பட்டியலில் எத்தனை வீட்டு வைஃபை தெரிகிறது என்பதே கணக்கு. "முன்னாடி நாலு வீடு தெரிஞ்சுது சார். இப்ப பதினொண்ணு! எதிர்வீட்டு வக்கீல் கனெக்‌ஷன் மாத்தியிருக்காரு பாருங்க. மூணாவது வீட்டுக்காரன் இன்னும் ரவுட்டர் பேரைக்கூட மாத்தல." பதினொன்றிலும் பூட்டுப் படம். எதற்கும் பாஸ்வேர்டு தெரியாது. கேட்கவும் மாட்டார், கௌரவமான மனிதர்.

"அப்ப உங்க வீட்டுக் கனெக்‌ஷன் எது சார்?"

லேப்டாப்புக்கு அரைச் சாண் தள்ளி, அதே மேசைமேல் கிடந்த செல்போனைக் காட்டினார். ஹாட்ஸ்பாட்.

"இதுக்கா மூணு ஆன்டெனா?"

"தூரத்துக்கு இல்ல சார், தரத்துக்கு" என்றார். பிறகு நம் தோள் பையை ஒரு பார்வை பார்த்தார். "உங்களுது எத்தனை ஆன்டெனா?"