ஃபியூஸ் இல்லாத விண்கலம்

"ஏண்டா, இந்தக் கப்பல்ல ஃபியூஸே கெடையாதா?"

எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஓசூரில் எங்கள் லைன் வீட்டில் உட்கார்ந்து அப்பா கேட்ட கேள்வி இது. தூர்தர்ஷனில் 'ஸ்டார் ட்ரெக்' ஓடிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ வந்த எதிரி ஒரு போடு போட, எண்டர்பிரைஸ் விண்கலத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வலது பக்கம் சாய்ந்தார்கள். அடுத்த போட்டுக்கு இடது பக்கம் சாய்ந்தார்கள். மூன்றாவது போட்டில் ஒருவர் எதிரே இருந்த பேனல் பட்டாசு மாதிரி வெடித்து, அவர் நாற்காலியோடு மல்லாந்தார்.

அப்பா லாரி கம்பெனி ஒன்றில் எலக்ட்ரீஷியன். அவரால் இதைத் தாங்க முடியவில்லை. "அடி விழுந்தது வெளிச் செவுத்துல. கரண்ட் எதுக்கு இவன் மூஞ்சிக்கு வரணும்? நடுவுல எங்கயாச்சும் ட்ரிப் ஆயிருக்கணுமே. எர்த் குடுத்திருக்கானா இல்லையா? நாற்காலிக்கு ஒரு பெல்ட்டு கூடவா போடல?" இருபத்துமூன்றாம் நூற்றாண்டின் மின் பாதுகாப்பைப் பற்றி அன்று முழுக்கப் புலம்பினார். மத்தியானம் களியும் கோழிக்குழம்பும் சாப்பிடும்போதுகூட நிறுத்தவில்லை.

அந்த டிவி முன்னால் உட்கார்ந்த யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது என்பதுதான் வேடிக்கை. வீட்டுக்கார அஜ்ஜிக்குக் கன்னடம், பக்கத்துப் போர்ஷன் அக்காவுக்குத் தெலுங்கு, எங்களுக்குத் தமிழ். ஆனாலும் கதை ஒருவருக்கும் புரியாமல் போனதில்லை. ஒருமுறை வசனம் முடிவதற்குள் அஜ்ஜி "இவன் சாயப் போறான்" என்று கன்னடத்தில் சொல்ல, அடுத்த நொடியில் அவன் செத்தான். தெருக்கூத்துக்குப் போனால், கட்டியங்காரன் எப்போது வருவான், எப்போது கேலி பேசுவான் என்று மொழி தெரியாதவனுக்கும் தெரிந்துவிடும் இல்லையா? அதே கதைதான். 1966 செப்டம்பரில் தொடங்கி 1969 வரை 79 கதைகள் எடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே சட்டகம். டைட்டில் போடுவதற்கு முன்பே ஒரு மர்மம், முடிந்தால் ஒரு சாவு. பிறகு கேப்டன் கிர்க், அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் ஸ்பாக், டாக்டர் மெக்காய் மூவரும் முன்பின் தெரியாத கிரகத்தில் போய் இறங்குவார்கள்.

இங்கேதான் அப்பாவுக்கு இரண்டாவது சந்தேகம் வந்தது. "பிளான்ட் ஹெட்டு, அவருக்கு அடுத்த ஆளு, கம்பெனி டாக்டர் மூணு பேரும் ஒண்ணா எறங்கிட்டா, மேல கப்பலை யார்ரா பாத்துக்குவா?" நியாயமான கேள்வி. அவருடைய கம்பெனியில் பெரிய முதலாளி ஷாப் ஃப்ளோரில் காலெடுத்து வைப்பது ஆயுதபூஜை அன்று மட்டும். அதுவும் பொரி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவர்கள் இறங்கும் கிரகத்தைப் பார்த்துத் தெலுங்கு அக்கா, "இது நம்ம ராயக்கோட்டை பக்கம்தானே?" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் வாஸ்கெஸ் ராக்ஸ் என்று ஒரு பாறைக்காடு இருக்கிறது. கேமராவைக் கொஞ்சம் திருப்பி வைத்து, ஒரே பாறையை வெவ்வேறு கிரகங்களாகக் காட்டிச் சமாளித்தார்கள். பாறைக்கு நம்மிடம் என்ன பஞ்சம்? 1975-இல் வந்த 'ஷோலே'வுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் ராமநகரத்துப் பாறை கிடைத்ததே. கிருஷ்ணகிரி, சூளகிரி பக்கம் வந்திருந்தால் ஒரு சூரிய மண்டலமே எடுத்திருக்கலாம். இப்போது வந்து பிரயோஜனம் இல்லை. நம் கிரகங்களில் பல கிரானைட்டாக அறுபட்டு, யார் யார் வீட்டுச் சமையல் மேடையிலோ தோசை மாவு வழியக் கிடக்கின்றன.

சிறுவனான எனக்குப் பிடித்தது ஆளைக் கரைத்து அனுப்பும் அந்த மேடை. வட்டத்தில் நின்றால் போதும், மினுமினுவென்று கரைந்து இன்னொரு இடத்தில் முளைக்கலாம். மகத்தான விஞ்ஞானக் கற்பனை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பட்ஜெட்தான் காரணமாம். வாரா வாரம் விண்கலத்தைத் தரையில் இறக்கிக் காட்டச் செலவு கட்டுப்படியாகாது என்பதால், ஆளை மட்டும் இறக்கிவிட வழி பண்ணியிருக்கிறார்கள். கதையில் இந்த மேடைக்கு ஒரு தவறாத குணம் உண்டு: சும்மா இருக்கும்போது நன்றாக வேலை செய்யும், உயிர் போகிற அவசரத்தில் ரிப்பேர் ஆகிவிடும். ஆகாவிட்டால் கதை பத்து நிமிடத்தில் முடிந்துவிடுமே.

2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூர் எரிந்தபோது எனக்கு அந்த மேடைதான் ஞாபகம் வந்தது. நம் பஸ்கள் ஜூஜூவாடியோடு நின்றுவிட்டன. அந்தப் பக்கத்து பஸ்கள் அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம் வரவில்லை. எலக்ட்ரானிக் சிட்டியில் விண்கலத்துக்கே சாஃப்ட்வேர் எழுதக்கூடிய பிள்ளைகள், சக்கரம் வைத்த பெட்டியைத் தேசிய நெடுஞ்சாலையில் கடகடவென்று உருட்டிக்கொண்டு எல்லையை நடந்தே தாண்டினார்கள். அதில் என் மருமகளும் ஒருத்தி. பாதி வழியில் அவளுடைய போனுக்கு "தமிழ்நாட்டுக்கு நல்வரவு" என்று குறுஞ்செய்தி வந்ததாம். ஆளைக் கடத்த முடியாவிட்டாலும் சிக்னலைக் கடத்திவிட்டோம்.

படித்து முடித்து நானும் சிப்காட்டில் மெயின்டனன்ஸ் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்தத் தொடரில் கற்பனை என்று நான் நினைத்தவை பலவும் எங்கள் தினசரி நடைமுறை. கேப்டன் பெரும்பாலான கதைகளைத் தன் பதிவேட்டில் குறிப்புச் சொல்லித்தான் தொடங்குவார். எங்களுக்கு ஷிப்ட் லாக் புக். இன்ஜினியர் ஸ்காட்டியிடம் கேட்டால் எந்த ரிப்பேருக்கும் தலைபோகிற மாதிரி நேரம் சொல்வார், கேப்டன் அதில் கால்வாசிதான் கொடுப்பார், வேலை முடிந்துவிடும். நேரத்தை நாலு மடங்காக்கிச் சொல்வதுதான் தன் வழக்கம் என்று 1984-இல் வந்த மூன்றாவது சினிமாவில் ஸ்காட்டியே ஒப்புக்கொள்கிறார். அவர் எந்த ஊர் பாலிடெக்னிக்கில் படித்தாரோ தெரியாது, எங்கள் ஆள்தான். ஹைட்ராலிக் சீல் மாற்ற ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றால் நான் ஆறு மணி நேரம் என்பேன். மேனேஜர் "ரெண்டு மணியில முடிங்க" என்பார். மீதி அரை மணி நேரம் டீக்கு.

சட்டை விஷயம் மட்டும் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. எங்கள் வீட்டில் இருந்தது கருப்பு வெள்ளை டிவி. சில வருஷங்களுக்கு முன் என் மகள் லேப்டாப்பில் அதே கதைகளைப் போட்டுக் காட்டியபோதுதான் முதன்முதலாகக் கலரில் பார்த்தேன். கேப்டனுக்கு மஞ்சள், ஸ்பாக்குக்கும் டாக்டருக்கும் நீலம். கூடவே பெயர் தெரியாத ஒரு பையன் வருவான், அவனுக்குச் சிவப்பு. கிரகத்தில் இறங்கியதும் "நீ போய் அந்தப் பாறைக்குப் பின்னால பாரு" என்று அவனைத்தான் அனுப்புவார்கள். அவன் திரும்பி வரமாட்டான். மகள் சட்டையை மட்டும் பார்த்துச் சாவைச் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். எங்களுக்குச் சட்டை எல்லாமே சாம்பல் நிறம். அதனால்தான் அந்தக் காலத்தில் எங்களுக்கு சஸ்பென்ஸ் மிச்சமிருந்தது. அஜ்ஜி எதை வைத்துக் கண்டுபிடித்தார் என்பது இன்றுவரை மர்மம்.

எங்கள் கம்பெனியிலும் சட்டைக்குச் சட்டை நிறம் வேறு. பெர்மனன்ட் ஆட்களுக்கு நீலம், டிரெய்னிக்குச் சாம்பல், கான்ட்ராக்ட் பையன்களுக்கு ஆரஞ்சு. பாதுகாப்புக்காக என்பார்கள். யாருடைய பாதுகாப்பு என்று சொன்னதில்லை.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். எண்டர்பிரைஸில் ஆள் கிட்டே போனதும் 'ஷ்ஷூக்' என்று தானே திறக்குமே அந்தக் கதவு, அது தானே திறக்கவில்லையாம். செட்டுக்குப் பின்னால் ஆட்கள் நின்று கையால் இழுத்திருக்கிறார்கள். அவர்கள் அசந்துபோனால் கேப்டன் கதவில் போய் மோதுவார். இதைக் கேட்டு மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருமுறை வெளிநாட்டு வாடிக்கையாளர் பார்வையிட வந்தபோது, எங்கள் 'முழுத் தானியங்கி' லைனில் சென்சார் படுத்துவிட்டது. பாகங்கள் அழகாக வரிசையில் வந்து விழுந்தன. வந்தவர்கள் கைதட்டினார்கள். ஷீட் மறைப்புக்குப் பின்னால் குந்தியபடி இரண்டு ஆரஞ்சு சட்டைகள் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தன. திரைக்கு இந்தப் பக்கம் நின்று விளக்கம் சொன்னது நான்.

பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த எழுத்தாளர் சுஜாதா, ஆட்கள் இப்படிப் பெயரில்லாமல் போவதை முன்பே மோப்பம் பிடித்திருந்தார். தூர்தர்ஷனில் தொடராகவும் வந்த அவருடைய 'என் இனிய இயந்திரா'வில் நிலா, சிபி, ரவி என்று ஆட்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான். எங்கள் லைனில் அதுவும் கிடையாது, டோக்கன் நம்பர். அந்தக் கதையில் புத்தகம் படித்து யோசிக்கிற வேலையை ஜீனோ என்கிற இயந்திர நாய் பார்த்துக்கொள்ளும். எங்களிடம் அந்த வசதியும் இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நைட் ஷிப்ட். இரண்டு மணி சுமாருக்கு பிரெஸ் ஷாப் பாதி இருண்டது. கண்ட்ரோல் பேனல் பக்கமிருந்து லேசாகக் கருகல் வாடை. கிரகத்தில் இறங்கும் படை தயாரானது: மஞ்சள் ஹெல்மெட்டில் ஷிப்ட் மேனேஜர், நீலச் சட்டையில் நான், பின்னால் ஆரஞ்சுச் சட்டையில் பீகார்ப் பையன் ஒருவன். ஓசூர் வந்து எட்டு மாதம். ஆபரேட்டரிடம் தெலுங்கு, டீக்கடையில் கன்னடம், என்னிடம் தமிழ், செல்போனில் போஜ்புரி. அந்த விண்கலத்தில் மொழிபெயர்ப்புக்குத் தனியாக ஒரு கருவி வைத்திருந்தார்கள். இங்கே ஐம்பது ரூபாய் ரீசார்ஜில் ஆளே கருவி.

மூன்று பேரும் பேனல் முன்னால் நின்றோம். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போலத் திரும்பிப் பையனைப் பார்த்தேன். "தம்பி, நீ போய்..." என்று வாய் தானாக ஆரம்பித்துவிட்டது.

பையன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து டார்ச்சைப் போட்டான்.

"சார், நீங்க முன்னாடி போங்க. நான் லைட் புடிக்கிது."

நான்தான் போனேன். மழைத்தண்ணீர் இறங்கி ஒரு ஒயர் கருகியிருந்தது. வெடிக்கவில்லை, யாரும் மல்லாந்து விழவில்லை, எம்.சி.பி. ட்ரிப் ஆகிக் கப்சிப்பென்று தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் அப்பாவிடம் சொன்னபோது, "பாத்தியா, நம்மாளு போட்டிருக்கான்" என்றார். ஏதோ அவரே போட்டது மாதிரி ஒரு பெருமை.

ஒயர் மாற்ற நாற்பது நிமிடம் ஆனது. மேனேஜரிடம் மூன்று மணி நேரம் என்றிருந்தேன். மிச்ச நேரத்தில் மூன்று பேரும் டீ குடித்தோம். பையன் பெயர் கேட்டேன், சொன்னான். பிறகு லாக் புக்கில் எழுதினேன்:

"2.10 மணி. பேனல் 4, எம்.சி.பி. ட்ரிப். ஒயர் மாற்றி ரீசெட் செய்யப்பட்டது. கண்காணிப்பில் உள்ளது. உடன் இருந்தவர்: டோக்கன் 317."