கோரேசைச் சாட்சிக் கூண்டில் ஏற்றப்போகும் பேரனுக்கு

ஏ மக்கா, அடுத்த மாசம் கன்வென்ஷன் பந்தல்ல ஏறி, ஒரே ஒரு சாட்சிய வச்சு கடவுள் உண்டுன்னு நிரூபிக்கப் போறியாமே? ஆச்சி சொன்னா. கேட்டதும் மனசு குளுந்து போச்சு. பாவம், உன் நிரூபணம் இல்லாம இத்தன காலம் அவரு எப்படித்தான் தள்ளினாரோ!

சாட்சி யாருன்னு கேட்டேன். பெர்சியா ராசா கோரேஸ்னா. பெரிய இடத்து ஆளாத்தான் பிடிச்சிருக்க. ஏசாயா தீர்க்கதரிசி எருசலேம்ல எசேக்கியா ராசா காலத்து ஆளு, கிறிஸ்துவுக்கு எழுநூறு வருசம் முந்தி. கோரேஸ் பாபிலோனப் பிடிச்சது கி.மு. 539. ஏசாயா கண்ண மூடி நூறு வருசம்போல கழிச்சுப் பொறந்த ஒரு அந்நிய ராசாவ, அவரு புஸ்தகத்தில 44ஆம் அதிகாரக் கடைசியிலயும் 45ஆம் அதிகாரத் தொடக்கத்திலயும் பேரச் சொல்லியே கூப்பிடுது. எருசலேமக் கட்டுவான், சிறைப்பட்ட சனத்த அனுப்பி வைப்பான்னு சொல்லுது. அப்படியே நடந்துச்சு. ஆகவே கடவுள் உண்டு. இதுதானே உன் பிரசங்கம்?

நல்ல பிரசங்கம். ஆனா ஜெயிக்கணும்னா சில தந்திரம் தெரியணும். செமினரியில சொல்லித் தரமாட்டாவ. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காத. முன்னாடி இருந்த சபை ஐயரு மாத்தலாகிப் போகையில ஒரு பெட்டி புஸ்தகத்த நம்ம வீட்டில விட்டுட்டுப் போனாரு. கரையான் தின்னது போக மிச்சத்த நான் தின்னேன்.

மொதல் தந்திரம், தேதிய எவனும் கேக்காதபடி வேகமாப் பேசு. காணி வழக்கில பத்திரத்த நீட்டினா வக்கீல் மொதல்ல எதப் பாக்கான்? எல்லைய இல்ல, எழுதின தேதிய. கெரயம் முடிஞ்ச பெறவு எழுதி, முந்தின தேதி போட்ட பத்திரம்னு சந்தேகம் வந்திட்டா, எல்லை எவ்வளவு துல்லியமா இருக்கோ அவ்வளவுக்குச் சந்தேகமும் கூடும். உன் பத்திரத்தில பேரே துல்லியமா இருக்கு. அதான் சிக்கல்.

ஏசாயா புஸ்தகத்தில 39ஆம் அதிகாரத்தோட ஏசாயாங்கிற பேரு நின்னுபோவுது. 40லருந்து காத்து வேற பக்கமா அடிக்கி. எருசலேம் இடியப்போவுதுன்னு எச்சரிக்கல. இடிஞ்சு கெடக்கிற ஊருக்கு, அந்நிய தேசத்தில கெடக்கிற சனத்துக்கு ஆறுதல் சொல்லுது. பாபிலோன்காரன் எருசலேம இடிச்சது கி.மு. 586 வாக்கில. அப்ப இத எழுதினது எந்தக் காலத்துக் கையின்னு, 12ஆம் நூற்றாண்டிலயே ஸ்பெயின் தேசத்து யூத அறிஞர் இப்னு எஸ்ரா சாடையாக் கோடிகாட்டிட்டாரு. 1892ல ஜெர்மன்காரர் பெர்னார்ட் டூம் புஸ்தகத்த மூணாவே பிரிச்சு வச்சாரு. 40லருந்து 55 வரைக்கும் பாபிலோன் சிறையிருப்பில இருந்த, பேர் தெரியாத இன்னொரு தீர்க்கதரிசியோடதுன்னு இன்னைக்கு ரொம்பப் பேரு சொல்லுதாவ. அவரு பேசுத காலத்தில கோரேஸ் மேதியர மடக்கி, லீதியாவையும் விழுங்கிட்டு நிக்கான். அவன் பேரு சந்தையெல்லாம் அடிபடுது.

எவனாவது இதக் கெளப்பினா, உடனே சவக்கடல் சுருள எடு. 1947ல கும்ரான் குகையில கெடச்சது, ஏழு மீட்டருக்கும் மேல நீளம், ஏசாயா புஸ்தகம் முழுசா இருக்கு. அதில 39 முடிஞ்சு 40 தொடங்குதது அதே பத்தியில, கடைசி வரியில. நடுவில ஒரு வரிகூட வெறுசா விடல. ‘எங்கல இருக்கு ரெண்டு ஆளு?’ன்னு மேசையத் தட்டு. தட்டின கையோட அடுத்த பாட்டுக்குப் போயிரு. நின்னா, அந்தச் சுருளு எப்ப எழுதினதுன்னு கேப்பான். கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. கோரேஸ் செத்து நானூறு வருசம் ஆயிருச்சு. அந்தக் காலத்தில இது ஒரே புஸ்தகமா இருந்துச்சுன்னு அது சொல்லும். யாரு எழுதினான்னு அது எப்படிச் சொல்லும்?

ரெண்டாவது தந்திரம், எஸ்றாவப் பந்தலுக்குக் கூட்டியாராத. கோரேஸ் உத்தரவு போட்ட கதைய எஸ்றா புஸ்தகம் எடுத்த எடுப்பிலயே சொல்லுது. எந்தத் தீர்க்கதரிசி வாக்கு நிறைவேறிச்சுன்னும் சொல்லுது. யாரு வாக்கு? எரேமியாவோடது. நாளாகமத்துக் கடைசியிலயும் எரேமியாதான். பேரச் சொல்லிக் கூப்பிட்ட ஏசாயாவ ரெண்டு இடத்திலயும் காணோம். மறந்துட்டாவளோ என்னவோ. நீயும் மறந்திரு.

அந்த எடத்த ரொப்பத்தான் ஜோசிபஸ் இருக்காரே. கோரேஸ் ஏசாயா புஸ்தகத்தப் படிச்சான், தன் பேரப் பாத்து அதிசயிச்சான், எழுதினபடியே செய்யணும்னு ஆசப்பட்டான்னு யூத சரித்திரத்தில எழுதி வச்சிருக்காரு. ஜனங்க கண்ணீர் விடும், சொல்லு. ஆனா ரெண்டு விசயத்த அமுக்கிரு. அவரு எழுதினது கி.பி. முதல் நூற்றாண்டுக் கடைசியில, கோரேசுக்கு அறுநூறு வருசம் தள்ளி. இன்னொண்ணு, படிச்சுப் பாத்துட்டு அதில உள்ளபடி ஒருத்தன் செஞ்சிருந்தா அதில அதிசயம் பாதிக்கு மேல கழிஞ்சு போச்சு. எழுதி வச்சபடி செய்யணும்னு அவனே கெளம்பிட்டானே!

மூணாவது தந்திரம், களிமண் உருளையக் காட்டு, வாசிக்காத. 1879ல பாபிலோன் இடிபாட்டில மோசூல்காரர் ஹொர்முஸ்த் ரசாம் தோண்டி எடுத்தாரு, ஒரு சாண் நீளம் இருக்கும், இப்ப லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில இருக்கு. கோரேஸ் பேரால எழுதினது. படத்தப் பெருசா பேனர் அடிச்சு மாட்டு. ‘வேதம் சொன்னதக் கல்லும் மண்ணும் சொல்லுது பாருங்க’ன்னு சொல்லு. ஆனா மைக்கக் கையில வச்சுக்கிட்டு அதில என்ன எழுதியிருக்குன்னு மட்டும் படிச்சிராத.

ஏன்னா அதில உள்ள கதை இது: பாபிலோன் ராசா நபோனிதஸ் மார்துக் தெய்வத்துக்குரிய வழிபாட்டக் கெடுத்துட்டான். மார்துக்குக்குக் கோவம். தேசம் தேசமாத் தேடி நீதியான ஒரு ராசாவக் கண்டுபிடிச்சாரு. அவன் கையப் பிடிச்சாரு. பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. கோரேஸ்! சண்ட இல்லாம பாபிலோனுக்குள்ள கொண்டுவந்து விட்டாரு. கேட்ட கதையா இருக்கா? கையப் பிடிக்கிறது, பேரச் சொல்லுதது, வாசலத் திறக்கிறது எல்லாம் 45ஆம் அதிகாரத்திலயும் இருக்கு. சாமி மட்டும் வேற. ஒரு ராசா ஜெயிச்சதும் அதுக்கு முந்தியே எங்க சாமி அவனக் கூப்பிட்டாருங்கிறதும் சாமி உண்டுங்கிறதுக்குச் சாட்சின்னா, மார்துக் பக்தருக்கும் பக்கத்திலயே ஒரு பந்தல் போட்டுக் குடுக்கணும். மைக்கு வாடகையில பாதி அவன் தரட்டும்.

அந்த உருளையில எருசலேமும் இல்ல, யூதாவும் இல்ல. அங்கங்க இருந்து பாபிலோனுக்குக் கொண்டுவந்த சாமியையெல்லாம் அவங்கவங்க கோயிலுக்கே திருப்பி அனுப்பினேன், சனங்களையும் அனுப்பினேன்னு பொதுவாச் சொல்லுதான். எஸ்றாவில உள்ள உத்தரவு அவன் கைக்கு அந்நியமான காரியமில்லன்னு அதிலருந்து தெரியும். அவ்வளவுதான் அந்தச் சாண் மண்ணு தாங்கும். அதுக்கு மேல பாரம் ஏத்தாத.

நாலாவது தந்திரம், 46ஆம் அதிகாரத்தப் புரட்டாத. பாபிலோன் சாமிங்க பேலும் நேபோவும் குனிஞ்சு, களச்ச மிருகங்க முதுகில பாரமா ஏறிச் சிறைப்பட்டுப் போறதா அதில இருக்கு. பேல்னா அதே மார்துக்தான். அடுத்த அதிகாரம் பாபிலோன மண்ணில உக்கார வைக்குது. நடந்ததென்ன? ஓப்பிஸ்ங்கிற ஊர்ல நடந்த சண்டையில ரத்தம் ஓடிச்சு, அது வாஸ்தவம். பாபிலோன் பட்டணம் சண்ட இல்லாமத் திறந்திச்சு. மார்துக் எந்தக் கழுத முதுகிலயும் ஏறல. கோரேசே அவருக்குக் கும்பிடு போட்டான். பாபிலோன் அழியவும் இல்ல. இருநூறு வருசம் கழிச்சு, கி.மு. 323ல அலெக்சாந்தர் செத்தது அந்த ஊரு அரமனையிலதான்.

இவ்வளவையும் கேட்டுட்டு ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே இருப்பான் பாரு, உன் கூடப் படிச்ச பகுத்தறிவுக்காரப் பய. ‘தாத்தா நம்ம கட்சி’ம்பான். அவனையும் இழுத்து உக்கார வை. அவனுக்கும் ஒண்ணு வச்சிருக்கேன்.

தம்பி, நடந்து முடிஞ்ச பெறவு எவனோ எழுதினான்னு சொல்லுதியே, பாபிலோன் சண்ட இல்லாம விழுந்தது தெரிஞ்சவன், பேல் எடத்த விட்டு அசையலன்னு தெரிஞ்சவன், மிருகத்து முதுகில ஏத்தி அனுப்பினதா எழுதுவானா? அந்த வரிய அடிச்சிருக்க மாட்டானா? தப்பிப்போன விவரம்னு நீ காட்டுதியே, அதுதான் அந்த வார்த்த கி.மு. 539 அக்டோபருக்கு முந்தினதுங்கிறதுக்கு நல்ல சாட்சி. அப்ப முன்கூட்டிச் சொன்ன சொல்லு ஒண்ணு இருக்கத்தான் செய்யுது. கோரேஸ் ஜெயிப்பான்னு அன்னைக்கு வியாபாரியும் சொல்லியிருப்பான். ஆனா ஜெயிச்சவன் இந்தச் சின்னச் சனத்த வீட்டுக்கு அனுப்புவான்னு எவன் சொன்னான்? அசீரியனும் பாபிலோனியனும் சனங்களப் பேத்துக் கொண்டுபோய்தானே பழக்கம்? திரும்பி வந்தவங்க 42,360 பேருன்னு எஸ்றா கணக்குச் சொல்லுது. ஆலயம் தரியு ராசா காலத்தில, கி.மு. 515 வாக்கில முடிஞ்சிருச்சு. நல்ல ஊகம்னு சொல்லு, பரவாயில்ல. ஆனா வருங்காலத்த எவனும் சொல்லவே முடியாதுன்னு தீர்ப்ப மொதல்லயே எழுதி வச்சிட்டு, அதுக்குத் தோதாத் தேதியக் குறிக்காத. அதுவும் இவன் செய்யுத அதே வேலதான். இவன் முன்னாடி தள்ளுதான், நீ பின்னாடி தள்ளுத.

இப்ப மக்கா, தந்திரமெல்லாம் போவட்டும். உன் பிரசங்கத்தில ஒரு ஞாயம் இருக்கு, அத நான் மறைக்கமாட்டேன். வரப்போறதச் சொல்லு, அப்ப உன்ன தெய்வம்னு ஒத்துக்கிடுதேன்னு மத்த தெய்வங்கள வழக்காட இழுக்கிறது 41ஆம் அதிகாரமே. நீயாக் கண்டுபிடிச்ச வாதமில்ல. ஆனா அந்த வழக்கு யாருக்கு முன்னால நடந்திச்சு? கடவுள் உண்டா இல்லையான்னு கேட்டவன் முன்னாடி இல்ல. கோயிலும் போச்சு, ராசாவும் போனான், மார்துக் ஊர்வலம் கண்ணுக்கு முன்னாடி போவுது, நம்ம கடவுள் தோத்துட்டாரோன்னு தலையக் கவுந்துக்கிட்டு இருந்தவன் முன்னாடி. மார்துக் பூசாரி எழுதினது ஜெயிச்ச ராசா வந்து உக்காந்த பெறவு, அவன் அரமனச் சோறு தின்னுக்கிட்டு. இந்தத் தீர்க்கதரிசி சொன்னது கையில ஒண்ணுமே இல்லாம. உலகத்தப் பிடிக்கிறவனையே நம்ம ஆண்டவர்தான் நடத்துதாருன்னு, தோத்துக் கெடக்கிற எடத்தில நின்னு சொன்னாரு. எனக்கு அந்தத் துணிச்சல்தான் பெருசு. அத நிரூபணம்னு சொல்லி வெல கொறைக்காத.

கடைசியா, நீ வாசிக்காமத் தாண்டப்போற எடத்தச் சொல்லுதேன். 45ஆம் அதிகாரம் கோரேசப் பாத்து, நீ என்ன அறியலைன்னு ரெண்டு தடவ சொல்லுது. உன் பிரதான சாட்சிக்கு வாதியையே தெரியாது! தாவீது வம்சத்து ராசாவுக்கு வச்சிருந்த அபிஷேகப் பட்டத்தத் தூக்கி இவனுக்குக் குடுத்திருக்கு. வேத புஸ்தகத்தில அந்தப் பட்டம் வாங்கின அந்நிய ராசா வேற ஒருத்தனும் இல்ல. அதக் கேட்டு நம்மாளுங்களே முறுமுறுத்திருக்கணும், அதான் பின்னாலயே களிமண்ணு குயவனக் கேள்வி கேக்கலாமாங்கிற அதட்டலு வருதுன்னு வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுதாவ. இருக்கும். நம்ம சபைய நெனச்சுப் பாரு. கோரேஸ் வந்து நின்னா என்ன கேப்போம்? ஞானஸ்நானச் சீட்டு எங்க? சந்தா பாக்கி எவ்வளவு? போன வாரம் மார்துக்குக்குக் கும்பிட்டியாமே? கமிட்டி கூடி, காபி குடிச்சு, அடுத்த கூட்டத்துக்கு ஒத்தி வச்சிருப்பாவ. எருசலேம் இன்னைக்கும் இடிஞ்சே கெடக்கும்.

அதனால பந்தல்ல ஏறினதும் ‘கடவுள் உண்டா?’ன்னு கேக்காத. வந்திருக்கிறவன் முக்காவாசிப் பேரு உண்டுன்னு சொல்லத்தான் வந்திருக்கான். நம்ம சபைப் பதிவில பேரில்லாத ஒருத்தன், நம்ம சாமியவே தெரியாத ஒருத்தன் கையால நமக்கு விடுதலை வந்தா வாங்கிக்கிடுவீயளான்னு கேளு. ஆமான்னு சொல்லுதவன் கையத் தூக்கட்டும். எண்ணுததுக்கு ஆள் வைக்காண்டாம், மக்கா. நீ ஒத்தையிலயே எண்ணிரலாம்.