உலர்ந்த இடத்தில் வைக்கவும்

நவம்பர் கடைசியில் ஹர்மாட்டான் என்னும் வறண்ட காற்று கிளம்பும். சாட் நாட்டின் பொடேலே பள்ளத்துத் தூசி விசா இல்லாமல் நைஜீரியாவுக்குள் நுழைந்து, பெண்களின் சுருள்முடியில் குடியேறும். மார்ச் வரை வாடகையும் கிடையாது.

அழகுத்துறைக்கு உடனே கருணை பொங்குகிறது. முடியில் ஈரம் நிற்க கிளிசரின். வறண்ட காற்றில் அதுவே முடியின் ஈரத்தை உறிஞ்சக்கூடும் என்பதால் மேலே எண்ணெய். எண்ணெய் போக ஷாம்பூ. ஷாம்பூவால் வந்த வறட்சிக்கு மறுபடி கிளிசரின். என்ன நேர்த்தியான ஏற்பாடு! பின்னிக் கட்டி சாட்டின் துணி சுற்றிக்கொண்டால் போதும் என்பவர்களுக்கு நாகரிகம் போதாது.

பாட்டிமார் தேய்த்த ஷியா வெண்ணெய் இன்னும் மோசம். வடக்கு கானாவில் பெண்கள் கொட்டை பொறுக்கி, வறுத்து, அரைத்து, கையால் கடைந்து எடுப்பது. லேபிள்கூட இல்லை.

நல்லவேளை, அது கப்பலேறி ஐரோப்பா போய், வாசனை நீக்கப்பட்டு, சின்ன டப்பாவில் திரும்பி வருகிறது. 'இயற்கையானது' என்று அச்சிட்டிருப்பதால் இனி நம்பலாம். அடியில் பொடி எழுத்தில், 'உலர்ந்த இடத்தில் வைக்கவும்.' இடம் தேடி அலைய வேண்டியதில்லை.